புதிய ஜி.எம்., பழைய சந்தை: ஓர் ஐஸ் ஹாக்கி சிமுலேஷன் லீக்கில் நடந்த நிகழ்வு பற்றிய ஆய்வு

ஐஸ் ஹாக்கி சிமுலேஷன் லீக்கில், அதாவது ஆட்டங்களைக் கணினியே ஓட்டும் கற்பனை லீக்கில், புதிதாகச் சேருகிற யாரும் முதலில் மென்பொருளைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். ஒரு வீரருக்கு ஒரு டஜனுக்கும் மேல் ரேட்டிங், சேர்ந்து இறங்கும் முன்கள வீரர்களின் வரிசைகளாக நான்கு லைன், எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளேக்குத் தனி யூனிட், கோல் காக்கும் கோலிகளை மாற்றி மாற்றி இறக்கும் கணக்கு என்று திரை முழுக்க எண்கள். ஆனால் வந்தவர் லீக்கை விட்டு ஓடுவது பெரும்பாலும் இந்த எண்களால் அல்ல. அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேட் சந்தையில் அடிபட்டுத்தான் ஓடுகிறார். நான் ஜி.எம். ஆக, அதாவது ஓர் அணியின் பொது மேலாளராக இருக்கும் லீக்கில் ஒருவர் சேர்ந்தபோது நடந்ததை வைத்து இதைச் சொல்கிறேன்.

அந்த விவகாரத்துக்குப் பிறகு விதிகளைத் திருத்த ஒரு சிறு குழு போட்டார்கள். அதில் நானும் இருந்தேன். டிரேட் பதிவுகள், லீக்கை நடத்தும் கமிஷனருக்குப் போன புகார்கள், புதியவரே எடுத்துக் காட்டிய உரையாடல்கள் எல்லாம் அப்படித்தான் பார்வைக்கு வந்தன. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். லீக்கின் பெயரும் ஆட்களின் பெயர்களும் இங்கே தேவையில்லை.

லீக் எப்படி நடக்கிறது

இணையம் வருவதற்கு முன்பே இந்த ஆட்டம் இருந்தது. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற அமெரிக்க நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் அட்டையும் பகடையும் வைத்து ஆடும் பேஸ்பால் விளையாட்டைக் கொண்டுவந்தது. பின்னால் ஹாக்கிக்கும் அதே போல ஒன்று வந்தது. நண்பர்கள் தபாலிலேயே லீக் நடத்தினார்கள். கணினிக் காலத்தில் பின்லாந்துக்காரர் ரிஸ்டோ ரெமெஸ் எழுதி இலவசமாகக் கொடுத்த ஈஸ்ட்சைட் ஹாக்கி மேனேஜர் பெரிய வரவேற்பைப் பெற்றது. 2004ல் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் அதை வணிகப் பதிப்பாக வெளியிட்டது. 2013ல் ஃப்ரான்சைஸ் ஹாக்கி மேனேஜர் வந்தது. எஸ்.டி.எச்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மென்பொருள் இணைய லீக்குகளுக்காகவே எழுதப்பட்டது. எங்கள் லீக் ஓடுவது அதில்தான்.

லீக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், நீங்கள் ஒரு கற்பனை வீரரை உருவாக்கி, அவருக்குப் பயிற்சிப் புள்ளி சேர்த்து வளர்க்கிறீர்கள். இன்னொன்றில், ஓர் அணியின் பொது மேலாளராக, அதாவது ஜி.எம். ஆக இருக்கிறீர்கள். எங்களுடையது இரண்டாவது வகை. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் இருக்கிற 32 அணிகளுக்கும் எங்கள் பக்கம் அணிக்கொரு ஜி.எம். வீரர்கள் நிஜ என்.எச்.எல். வீரர்கள். அவர்கள் எந்த அணியில் இருக்கிறார்கள், எவ்வளவு சம்பளம், எத்தனை வருட ஒப்பந்தம் என்பதெல்லாம் எங்கள் கணக்கு. லீக் தொடங்கிச் சில வருடங்களிலேயே அணிகள் நிஜத்திலிருந்து முழுக்க விலகிவிட்டன.

சீசன் நடக்கும் மாதங்களில் ஒவ்வொரு இரவும் கமிஷனர் அன்றைய ஆட்டங்களை ஓட்டுவார். அதற்கு முன் லைன்களை அமைத்து அந்தக் கணினிக் கோப்பை அவருக்கு அனுப்பிவிட வேண்டும். காலையில் எழுந்தால் முடிவுகள் வந்திருக்கும்.

இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவதெல்லாம் இவற்றின் மேல்தான் நிற்கிறது. ஒன்று சம்பள வரம்பு, அதாவது ஓர் அணி ஒரு சீசனில் தன் வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்தின் உச்சம். நிஜ என்.எச்.எல்.லில் அணி உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் உடன்பாடு காணாமல் 2004-05 சீசனே ரத்தானது. அந்த மோதல் முடிந்து 2005-06ல் வந்ததுதான் வரம்பு. அப்போது அணிக்கு 3.9 கோடி டாலர், 2025-26ல் 9.55 கோடி. நாங்களும் அந்த எண்ணையே பின்பற்றுகிறோம். இரண்டாவது, ரேட்டிங் திருத்தம். ஒவ்வொரு கோடையிலும், முடிந்த நிஜ சீசனின் புள்ளிவிவரங்களிலிருந்து எல்லா வீரர்களின் ரேட்டிங்கும் புதிதாகக் கணக்கிடப்படும். ஆக, நம் திரையில் தெரியும் ரேட்டிங் எப்போதும் போன வருடத்து ஆட்டத்தைத்தான் காட்டுகிறது.

கைக்கு வந்த அணி

புதியவருக்கு முப்பது வயது கடந்திருக்கும். கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தவர். மருத்துவமனை ஒன்றில் இரவுப்பணி. ஹாக்கியைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர். சிமுலேஷன் லீக் மட்டும் புதிது. சீசன் மூன்றில் ஒரு பங்கு ஓடியிருந்தபோது ஜி.எம். இல்லாமல் காலியாக இருந்த பஃபலோ அணியை அவருக்குக் கொடுத்தார்கள்.

நிஜ பஃபலோ சேபர்ஸ் 2011-12லிருந்து 2024-25 வரை தொடர்ந்து 14 சீசன், கோப்பைக்கான கடைசிக் கட்டமான பிளேஆஃப் பக்கமே போகவில்லை, என்.எச்.எல். வரலாற்றில் அவ்வளவு நீண்ட வறட்சி வேறு அணிக்கு இல்லை. எங்கள் பஃபலோவின் கதை வேறு. முந்தைய ஜி.எம். அடுத்த இரண்டு வருட முதல் சுற்றுத் தேர்வுகளை, அதாவது டிராஃப்ட் என்ற இளம் வீரர் தேர்வின் முதல் சுற்றில் ஆள் எடுக்கும் உரிமைகளைக் கொடுத்து, வயதான நட்சத்திரங்களை வாங்கி, ஒரு வசந்தத்தில் அரையிறுதி வரை போனார். கோப்பை கிடைக்கவில்லை. கோடையில் ரேட்டிங் திருத்தம் வந்து பாதி அணி சரிந்ததும் விலகிக்கொண்டார். கடனை வாங்கியவர் போய்விட்டார், வட்டி கட்டப் புதியவர் வந்தார்.

அணியில் என்ன இருந்தது? 35 வயது கோலி, இன்னும் நான்கு வருட ஒப்பந்தத்தோடு. முப்பத்துமூன்றைத் தாண்டிய இரண்டு விங்கர்கள், அதாவது பக்கவாட்டு முன்கள வீரர்கள். லைனின் நடுவில் ஆடும் சென்டர்களில், இரண்டாவது லைனுக்குப் பொருத்தமான ஒரு நல்லவர். 21 வயது டிஃபென்ஸ்மேன், அதாவது தடுப்பு வீரர் ஒருவர். அணியில் எதிர்காலம் என்று சொல்ல அவர் ஒருவர்தான். மூன்றாவது வருடத்து முதல் சுற்றுத் தேர்வு தப்பித்தவறிக் கையில் இருந்தது.

வயதான கோலியின் நீண்ட ஒப்பந்தம் எவ்வளவு பெரிய சுமை என்பதற்கு நிஜ என்.எச்.எல்.லிலேயே உதாரணம் இருக்கிறது. 2009ல் வான்கூவர் அணி ரொபெர்ட்டோ லூயாங்கோவோடு 12 வருட ஒப்பந்தம் போட்டது. 2014ல் அவரை ஃப்ளோரிடாவுக்கு அனுப்பியது. 2019ல் அவர் ஓய்வு பெற்றபோது, இடையில் வந்த விதிப்படி, வான்கூவரின் வரம்பிலிருந்து வருடத்துக்குச் சுமார் 30 லட்சம் டாலர் மூன்று சீசன்களுக்குக் கழிக்கப்பட்டது. ஐந்து வருடம் முன்பே வேறு அணிக்குப் போய்விட்ட ஆளுக்காக. ஒப்பந்தம் வீரரைவிட நீண்ட ஆயுள் உள்ளது என்பதைப் பழைய ஜி.எம்.கள் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். புதியவருக்கு அதைத் தெரிந்துகொள்ள யாரும் நேரம் கொடுக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலியாகும் அணிதான் புதியவருக்குக் கிடைக்கும். நன்றாக இருக்கும் அணி காலியாவது அபூர்வம். ஆகவே, லீக்கில் அனுபவம் மிகக் குறைந்த ஆளிடம் மிகச் சிக்கலான அணி போய்ச் சேருவது தற்செயல் இல்லை. லீக்கின் அமைப்பே அதைச் செய்கிறது. 32 பேர் தேவைப்படும் ஒரு லீக்குக்கு இதைவிடப் பெரிய ஆபத்து எனக்குத் தெரியவில்லை.

முதல் இரவு

அவர் பெயர் பட்டியலில் ஏறிய அன்று மாலை கமிஷனர் இரண்டு வரியில் வரவேற்புச் செய்தி போட்டார். அடுத்த ஒரு மணி நேரத்தில் அவருடைய தனிச் செய்திப் பெட்டி நிரம்பத் தொடங்கியது. அந்த உரையாடல்களை வரிசையாகப் படித்தேன். எல்லாமே மரியாதையானவை. வாழ்த்து, சொந்த ஊர் பற்றி ஒரு கேள்வி, பிடித்த அணி எது என்று இன்னொரு கேள்வி, அப்புறம் மூன்றாவது வரியில் விஷயம். "அந்த இளம் டிஃபென்ஸ்மேனைப் பற்றி யோசிக்கிறீர்களா? எனக்கும் அவசரம் இல்லை. ஆனால் வேறு இடத்திலும் பேசிக்கொண்டிருக்கிறேன்." வார்த்தைகள் ஆளுக்கு ஆள் மாறினாலும், முக்கால்வாசிச் செய்திகள் அந்த ஒரு வீரரையே சுற்றிவந்தன.

இதில் ஒரு சேதி இருக்கிறது. சந்தையில் பத்துப் பேர் ஒரே பொருளைக் கேட்டால் அதன் விலை உயர்ந்தது என்று அர்த்தம். ஆனால் பத்துப் பேரும் தனித்தனியாகக் கேட்டதால் அவருக்கு அது போட்டியாகத் தெரியவில்லை, நெருக்கடியாகத்தான் தெரிந்தது. யாருக்காவது பதில் சொல்லாமல் விட்டால் முதல் நாளே பகையாகிவிடும் என்று பயந்ததாக எங்களிடம் சொன்னார். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார்.

மூன்றாம் நாள் டிரேட் நடந்தது. பஃபலோவிலிருந்து 21 வயது டிஃபென்ஸ்மேனும் அந்த மூன்றாவது வருட முதல் சுற்றுத் தேர்வும் போயின. பதிலுக்கு வந்தவர் 31 வயது விங்கர். மொத்த ரேட்டிங் 78, வருடத்துக்கு 70 லட்சம் டாலர் என்று இன்னும் நான்கு வருடம். கொடுத்த டிஃபென்ஸ்மேனின் ரேட்டிங் 70. திரையை மட்டும் பார்த்தால் புதியவர் ஜெயித்த மாதிரிதான் இருக்கும்.

அந்த விங்கர் நிஜத்தில் முழங்காலில் அடிபட்டு அந்த சீசனின் பெரும்பகுதியை இழக்கவிருந்தார். இது புதியவருக்கும் தெரியும், ஹாக்கி பார்க்கிறவர்தானே. நம் லீக்கில் அவர் நல்ல உடம்போடு ஆடுகிறார், நிஜத்துக் காயம் இங்கே எதற்கு என்று அவர் எண்ணினார். அந்தக் காயம் ஆறு மாதம் கழித்து, ரேட்டிங் திருத்தத்தின் வழியாக, இங்கே வந்து சேரும் என்பது அவருக்குத் தெரியாது. விதிப் புத்தகத்தில் அது இருந்தது, கடைசிப் பகுதியில், கோடைக்கால அட்டவணைக்குள் ஒரு பத்தியாக. அனுபவம் உள்ள ஒவ்வொரு ஜி.எம்.முக்கும் இது மனப்பாடம். ஜனவரி வந்தாலே, நிஜத்தில் சரியும் வீரர்களைக் கோடைக்கு முன் கைமாற்றிவிட வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அந்த விங்கர் பல பட்டியல்களில் முதலில் இருந்தவர்.

டிரேட் குழு விதிப்படி இரண்டைத்தான் பார்க்கும்: சம்பள வரம்பு தாண்டுகிறதா, அணியில் ஆள் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா. இரண்டும் சரி. டிரேட் நிறைவேறியது.

விங்கரை விற்றவர் விதியை மீறவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சமமாக விவரம் தெரிந்த இருவர் பேரம் பேசுவது ஆட்டத்தின் சுவை. மூன்று நாள் முன்பு வந்தவருக்கு ஒரு விதி தெரியவில்லை என்பதை அறிந்து, அந்த அறியாமையையே விலையாக வாங்குவது ஆட்டம் ஆகாது. அந்த விங்கருக்குத் தகுந்த விலை கொடுக்க மீதி 30 பேரில் ஒருவரும் தயாராக இல்லாததால்தான் அந்தச் செய்தி புதியவரின் பெட்டிக்குப் போனது.

பத்து ஆட்டம்

விங்கர் வந்த பிறகு பஃபலோ வரிசையாகத் தோற்றது. இது டிரேடின் தவறு இல்லை, ஹாக்கியின் இயல்பு.

என்.எச்.எல்.லில் இப்போது ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக மூன்று கோல் போல அடிக்கிறது. கோலிகள் பொதுவாகப் பத்து ஷாட்டில் ஒன்பதைத் தடுக்கிறார்கள். இவ்வளவு குறைவாகக் கோல் விழும் ஆட்டத்தில், கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பக் (ஹாக்கியின் ரப்பர் வட்டு), யாரோ ஒருவரின் ஸ்கேட்டில் பட்டு உள்ளே போகும் இன்னொரு பக், முடிவையே மாற்றிவிடும். நல்ல அணி பத்து ஆட்டத்தில் ஏழில் தோற்பது நிஜத்திலும் நடக்கிறது. சிமுலேட்டர் அதை அப்படியே பின்பற்றுவதுதான் அதன் தரம். கூடைப்பந்தைப் போல நூறு புள்ளிக்கு மேல் போகிற ஆட்டத்தில் திறமை சீக்கிரம் மேலே வந்துவிடும். ஹாக்கியில் காத்திருக்க வேண்டும்.

புதியவர் காத்திருக்கவில்லை. இரவுப்பணி இடைவேளையில் கைப்பேசியில் முடிவைப் பார்ப்பார், வீட்டுக்கு வந்ததும் லைன்களைக் கலைத்து மறுபடி அடுக்குவார். அவர் அனுப்பிய கோப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தவிப்பு அப்படியே தெரிகிறது. திங்கட்கிழமை முதல் லைனில் இருந்த சென்டர் செவ்வாய்க்கிழமை மூன்றாவதில். புதன்கிழமை மறுபடி முதல் லைனில், ஆனால் இடது விங்காக. முதல் லைனுக்குக் கொடுத்த ஆட்டநேரம் ஏறிக்கொண்டே போகிறது. 35 வயது கோலி ஒரு நாள் ஓய்வில்லாமல் நிற்கிறார். எஸ்.டி.எச்.எஸ்.ஸில் வீரருக்கு உடல்நிலை என்று ஓர் எண் உண்டு. ஆட ஆட அது இறங்கும், ஓய்வில் ஏறும். பஃபலோவின் முக்கியமான ஆட்கள் எல்லாருக்கும் அது இறங்கிக் கிடந்தது.

இதைக் கவனித்தவர் எங்கள் பிரிவிலேயே இருந்த ஒரு பழைய ஜி.எம். அவராகவே செய்தி அனுப்பினார். அவர் எழுதியதில் டிரேட் பற்றி ஒரு சொல் இல்லை. "இரண்டாவது கோலியை வாரத்துக்கு ஒரு ஆட்டம் இறக்குங்கள், பலவீனமான அணிக்கு எதிராக. முதல் லைனின் நேரத்தைக் குறைத்து மூன்றாவதுக்குக் கொடுங்கள். அப்புறம் பத்து ஆட்டத்துக்கு லைன் கோப்பைத் தொடாதீர்கள். தோற்றாலும் தொடாதீர்கள்." பத்து ஆட்டத்தில் பஃபலோ அடிக்கும் ஷாட் எத்தனை, எதிரணி அடிக்கும் ஷாட் எத்தனை என்று மட்டும் குறித்துவைக்கச் சொன்னார். கோல் கணக்கு பொய் சொல்லும், ஷாட் கணக்கு அவ்வளவு சீக்கிரம் பொய் சொல்லாது என்பது அவர் வாதம்.

அணி அந்தப் பத்தில் பாதிக்குப் பாதி ஜெயித்தது. அதைவிட, தோற்ற ஆட்டங்களிலும் பஃபலோ எதிரணிக்குச் சமமாக ஷாட் எடுத்திருந்ததைப் புதியவரே எண்ணிக் கண்டுபிடித்தார். சிமுலேட்டர் மேல் இருந்த கோபம் அதோடு போய்விட்டது.

ஒரு சென்டர், இரண்டு வாக்கு

நிலைமை தேறிக்கொண்டிருந்தபோதுதான் அடுத்த விவகாரம். பஃபலோவின் இரண்டாவது லைன் சென்டரை இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவருக்கு, இரவு இரண்டு மணிக்கு, வேலைக்கு நடுவில், "பார்த்தேன், எனக்குச் சரியென்றுதான் படுகிறது" என்று எழுதியிருக்கிறார். மறுநாள் மற்றவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தார். புதியவர் டிரேட் பக்கத்தில் அவரோடு உறுதி செய்துவிட்டார். முதலாமவர் அந்த இரவுச் செய்தியைப் படமெடுத்துப் பொது அரட்டையில் போட்டு, வாக்கு மாறுகிறவர் என்று எழுதினார்.

கமிஷனர் முடிவு சொல்ல நான்கு நாள் எடுத்துக்கொண்டார். எழுத்தில் தெளிவான விதி இல்லை என்பதால் நிதானமாகத்தான் பார்த்திருப்பார். ஆனால் அந்த நான்கு நாளும் பொது அரட்டையில் பேசப்பட்டது டிரேட் அல்ல, புதியவரின் குணம். அவரோடு ஒரு தடவைகூடப் பேசாதவர்கள் அவரைப் பற்றித் தீர்ப்பு எழுதினார்கள். நான்காம் நாள் காலை அவர் கமிஷனருக்கு விலகல் கடிதம் அனுப்பினார். மூன்றே வரி. வேலைப்பளு என்று காரணம் போட்டிருந்தார்.

என்.எச்.எல். வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் எரிக் லிண்ட்ரோஸ் ஞாபகம் வரும். 1991 டிராஃப்டில் கியூபெக் நோர்டிக்ஸ் முதல் ஆளாக எடுத்த லிண்ட்ரோஸ் அந்த அணிக்கு ஆட மறுத்தார். 1992 ஜூனில் கியூபெக் அவரை விற்க முனைந்தபோது ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் ரேஞ்சர்ஸ் இரண்டு அணிகளுமே தங்களோடுதான் பேச்சு முடிந்தது என்றன. லாரி பெர்ட்டூசி என்ற டொரான்டோ வழக்கறிஞரை நடுவராகப் போட்டு விசாரித்தார்கள். ஃபிலடெல்ஃபியாவோடு நடந்த உடன்பாடே செல்லும் என்று ஜூன் 30ஆம் தேதி அவர் தீர்ப்பளித்தார். லிண்ட்ரோஸுக்குப் பதிலாகப் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க், மைக் ரிச்சி, ரான் ஹெக்ஸ்டால் உட்பட ஒரு கூட்டம் வீரர்களும், முதல் சுற்றுத் தேர்வுகளும், 1.5 கோடி டாலரும் கியூபெக்குக்குப் போயின. 1995ல் அந்த அணி டென்வருக்கு இடம் மாறி, மறு வருடமே ஃபோர்ஸ்பெர்க்கோடு என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது.

கோடிக்கணக்கில் பணமும் வழக்கறிஞர்களும் இருந்த இடத்திலேயே, வாய்ப்பேச்சு எந்த நொடியில் ஒப்பந்தமாகிறது என்பதில் குழப்பம் வந்தது. அதைத் தீர்க்க நடுவர் தேவைப்பட்டார். இரவுப்பணியில் கைப்பேசியில் தட்டிய ஒரு வரிக்காக ஒருவரை வாக்கு மாறுகிறவர் என்று ஊர் முன் நிறுத்தியது நியாயமே இல்லை. டிரேட் பக்கத்தில் இரு தரப்பும் உறுதி செய்வதே ஒப்பந்தம், மற்றதெல்லாம் பேச்சு என்று கமிஷனர் முடிவு சொன்னார். முடிவு புதியவருக்குச் சாதகம்தான். விலகல் கடிதத்தை அவர் அதற்காகத் திரும்பப் பெறவில்லை.

தங்கவைத்தது

கடிதம் போன அன்று மாலை, நடந்தது எதுவும் தெரியாமல், மிச்சிகனில் இருக்கும் இன்னொரு ஜி.எம். அவருக்கு ஒரு செய்தி அனுப்பினார். எங்கள் டிராஃப்ட் அந்தந்த வருடத்து நிஜ டிராஃப்ட் வகுப்பை வைத்து ஏழு சுற்று நடக்கும். எடுத்த இளைஞருக்கு என்.எச்.எல்.லில் ஆடத் தொடங்கும்வரை ரேட்டிங் கிடையாது. வெறும் பெயராக அணியில் கிடப்பார். ஆகவே, ஜூனியர் ஹாக்கியை நேரில் பார்க்கிறவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். அந்த மிச்சிகன்காரர் டிராஃப்டுக்கான உத்தேசப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தார். மேற்குக் கனடா பக்கம் பார்க்க ஆள் இல்லை. நீங்கள் சஸ்காட்சுவான்தானே, வெஸ்டர்ன் ஹாக்கி லீக் ஆட்டங்களுக்குப் போவதுண்டா என்று கேட்டிருந்தார்.

போவதுண்டாவா! சஸ்காட்சுவானில் என்.எச்.எல். அணி கிடையாது, அங்கே குளிர்காலம் முழுக்க ஜூனியர் ஹாக்கிதான். ரெஜைனா, மூஸ் ஜா, பிரின்ஸ் ஆல்பர்ட், சஸ்கட்டூன், ஸ்விஃப்ட் கரண்ட் என்று ஐந்து ஊர்களில் அணி. 2023ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட கானர் பெடார்ட் ஆடியது ரெஜைனாவுக்கு. 2014ல் தம்பா பே மூன்றாவது சுற்றில், 79ஆவது ஆளாகத்தான் எடுத்த பிரேடன் பாயிண்ட் மூஸ் ஜாவுக்கு ஆடியவர்; பின்னால் இரண்டு கோப்பை வென்ற அணியின் முக்கிய சென்டர் ஆனார். பாயிண்ட் உயரம் குறைந்தவர் என்று பலர் ஒதுக்கியபோது, வாராவாரம் அரங்கில் உட்கார்ந்து பார்த்த ஊர்க்காரர்களுக்கு அவர் யாரென்று தெரிந்தேதான் இருந்தது. நம் புதியவர் அந்த ஊர்க்காரர்களில் ஒருவர்.

அன்றிரவே அவர் எழுதி அனுப்பிய குறிப்புகளைப் பார்த்தேன். கோல் கணக்கு, உயரம், எடை எதுவும் அதில் முதலில் இல்லை. ஒரு பையனைப் பற்றி, தன் பக்கத்து மூலையில் பக் விழுந்தால் தோளுக்கு மேல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கப் போகிறான், எதிராளி எங்கிருந்து வருகிறான் என்று அவனுக்கு எப்போதும் தெரிகிறது என்று எழுதியிருந்தார். இன்னொருவரைப் பற்றி, மூன்றாவது பீரியடில் ஷிஃப்ட் நீள்கிறது, பெஞ்சுக்குத் திரும்பத் தாமதிக்கிறான் என்று. இப்படிப்பட்ட குறிப்பு எங்கள் லீக்கில் அதற்கு முன் யாரிடமும் இல்லை.

பட்டியல் வெளியானதும், நான்கு நாள் முன்பு அவரைப் பற்றித் தீர்ப்பு எழுதியவர்களில் சிலரே அவரிடம் கேள்வி கேட்டு வந்தார்கள். கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எங்களிடம் அவர் சொன்ன காரணம் எளிமையானது: அடுத்த வாரத்துக்குள் இன்னும் இரண்டு ஆட்டம் பார்த்து எழுதுவதாகச் சொல்லியிருந்தாராம், அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லையாம்.

அவர் திரும்பியதைத் தீர்ப்பின் வெற்றியாகக் குழுவில் சிலர் பேசினார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. தீர்ப்பு அவர் மேலிருந்த கறையைத் துடைத்தது, அவ்வளவுதான். சந்தையில் எல்லாருக்கும் அவரைவிட அதிகம் தெரியும் என்ற நிலை மாறி, ஒரு விஷயமாவது அவருக்கு மட்டுமே தெரியும் என்ற நிலை வந்தபோதுதான் அவர் லீக்கின் ஆள் ஆனார்.

விதிகளில் என்ன மாறியது

குழுவில் பெரிய சண்டை ஒரே ஒரு விஷயத்தில்தான். புதியவர் செய்யும் டிரேடுகளை ரத்து செய்யும் அதிகாரம் குழுவுக்கு வேண்டும் என்றார்கள் சிலர். சந்தை என்றால் அடிபட்டுத்தான் கற்க வேண்டும், யாருக்கும் காவல் கூடாது என்றார்கள் வேறு சிலர். இரண்டையும் எதிர்த்தேன். ரத்து செய்யும் அதிகாரம் கொடுத்தால் அந்த அணியின் ஜி.எம். குழுதான் என்றாகிவிடும், வளர்ந்த மனிதர் ஒருவரிடம் உங்கள் அணியை நாங்கள் நடத்துகிறோம் என்று சொல்வதற்கு அது சமம். அடிபட்டுக் கற்கட்டும் என்பவர்கள், அடிபட்டவர் கற்பதற்கு முன்பே போய்விடுகிறார் என்பதைப் பார்க்க மறுக்கிறார்கள்.

கடைசியில் கட்டுப்பாட்டைப் புதியவர் மேல் போடாமல் மற்றவர்கள் மேல் போட்டோம். புதிய ஜி.எம். சேர்ந்த முதல் 14 நாள் யாரும் அவருக்கு டிரேட் கேட்டுச் செய்தி அனுப்பக் கூடாது. அவர் யாரிடமும் கேட்கலாம். இந்த ஒரு மாற்றம் முதல் இரவின் நெருக்கடியை முழுக்க எடுத்துவிடுகிறது. முதல் 60 நாளில் முதல் சுற்றுத் தேர்வோ 23 வயதுக்குக் குறைந்த வீரரோ கைமாறினால், குழு அவரிடம் ஏன் என்று ஒரு கேள்வி கேட்கும். பதில் எதுவானாலும் டிரேட் நடக்கும். கேள்விக்குப் பதில் எழுத உட்காரும்போதே பாதித் தவறுகள் கண்ணில் பட்டுவிடும் என்பது எங்கள் நம்பிக்கை.

ரேட்டிங் திருத்தம் பற்றிய பத்தி விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு வந்தது. ஜனவரியில், நிஜ சீசனின் பாதிக் கணக்கை வைத்து, உத்தேச ரேட்டிங் பட்டியலைக் கமிஷனரே எல்லாருக்கும் வெளியிடுகிறார். என் பார்வையில் இதுதான் இருப்பதிலேயே நல்ல திருத்தம். ரகசியப் பட்டியல்களின் மதிப்பு ஒரே நாளில் போய்விட்டது. டிராஃப்ட் தேர்வுகளை இரண்டு வருடத்துக்கு மேல் முன்கூட்டி விற்கத் தடை வந்தது. முதல் சுற்றுத் தேர்வுகளில் ஒன்றையாவது கையில் வைத்திருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தது. போகிறவர் அணியை மொத்தமாகத் துடைத்துவிட்டுப் போக முடியாது.

பஃபலோவின் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் விங்கரின் ரேட்டிங் எதிர்பார்த்தபடியே சரிந்தது. அவர் ஒப்பந்தம் இன்னும் ஓடுகிறது. விற்ற டிஃபென்ஸ்மேன் இப்போது வேறு அணியின் முதல் ஜோடியில் ஆடுகிறார். பஃபலோ இன்னும் பிளேஆஃப் பார்க்கவில்லை. ஆனால் டிராஃப்டின் பின்சுற்றுகளில் நம் புதியவர் மேற்குக் கனடாப் பையன்களாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறார். அவர்களுக்கு ரேட்டிங் வர இன்னும் காலம் இருக்கிறது.

ஒரு கேள்வி மட்டும் முடியாமல் நிற்கிறது. இப்போது ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு வழிகாட்டி ஜி.எம். உண்டு. அந்த வழிகாட்டி, தான் வழிகாட்டும் ஆளோடு முதல் சீசனில் டிரேட் செய்யலாமா? ஜூன் டிராஃப்டுக்கு முன் வாக்கெடுப்பு. கூடாது என்றுதான் நான் வாக்களிக்கப் போகிறேன். பஃபலோவுக்குக் கோலியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவர் தாமாகவே அந்த சீசன் முழுக்கப் பஃபலோவிடம் எதுவும் கேட்காமல் இருந்தார். எல்லா வழிகாட்டியும் அப்படி இருப்பார்கள் என்று நம்பி விதி எழுத முடியாது. பஃபலோ ஜி.எம். இதில் எனக்கு எதிர்ப்பக்கம்; செய்யலாம் என்றே போடப் போகிறாராம். தன் முதல் டிரேடை அந்த மனிதரோடு பேசியிருந்தால், இதைச் செய்யாதீர்கள் என்று எதிர்த்தரப்பில் உட்கார்ந்துகொண்டே சொல்லியிருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்கிறார்.